தாளிக்காத பொரியல்

அப்பா தட்டில் இருந்த அவரைக்காயை விரலால் ஓரமாகத் தள்ளினார். சோற்றில் மோரை ஊற்றி நாலு வாய் சாப்பிட்டார். அப்புறம் கையைக் கழுவ எழுந்துவிட்டார்.

"பொரியல் அப்படியே இருக்குதுங்கப்பா" என்றாள் அம்சவேணி.

"அது பொரியலா கண்ணு? வெறும் வேகவெச்ச காயி. கடுகு இல்ல, வரமொளகா இல்ல. மாடுகூட மோந்து பாத்துட்டு அக்கட்ட போயிரும்."

அம்சவேணிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அப்பா பேசிக்கொண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

அப்பாவின் பெயர் நஞ்சுண்டன். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பேல் என்கிற பஞ்சுக் கட்டுகளைப் பிரித்துப் போடுவது அவர் வேலை. கொஞ்ச நாளாக அவருக்கு வயிறு சரியில்லை. காலையில் வெளிக்குப் போனால் சும்மா உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவார். பேல் பஞ்சை அமுக்கிக் கட்டி வயிற்றுக்குள் வைத்த மாதிரி இருக்கிறது என்பார்.

மில் டாக்டர் மாத்திரை கொடுத்தார். கூடவே நன்றாகத் திட்டியும் அனுப்பினார். டீக்கடை போண்டாவையும் புரோட்டாவையும் விட வேண்டும். தினமும் ஒரு கிண்ணம் காய் சாப்பிட வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். இப்படியே விட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டி வரும் என்று சொல்லியிருந்தார்.

அம்மா வரலட்சுமி ஒரு பம்பு கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். காலையில் சோறு வடித்து வைத்துவிட்டுப் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். முழுப்பரீட்சை லீவு என்பதால் மத்தியானக் காய் மட்டும் அம்சவேணியின் பொறுப்பு. அவளுக்குப் பத்து வயது. ஸ்டவ்வுக்குக் காற்று அடிக்கத் தெரியும். காய் அரியத் தெரியும். தாளிக்கவும் நன்றாகத் தெரியும்.

ஆனால் இப்போது தாளிக்கக் கூடாது.

அவர்கள் குடியிருந்தது லைன் வீடு. ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் சுவர் உண்டு. ஆனால் அந்தச் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் சந்து இருக்கும். இங்கே தும்மினால் அங்கே கேட்கும்.

அடுத்த வீட்டில் கோகிலமணி இருந்தாள். அம்சவேணியோடு ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவளுக்குத் தாளிப்பு வாசத்தை வைத்தே என்ன காய் என்று கண்டுபிடிக்கத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னைக்குக் கொத்தவரங்கா" என்பாள். அனேகமாகச் சரியாக இருக்கும். தப்பாகப் போனால், காய்தான் முற்றல் என்று சாதிப்பாள்.

அந்தக் கோகிலமணிக்கு இப்போது அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை கட்டியிருந்தார்கள். அம்மை இருக்கிற வீட்டிலே தாளிக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்திலும் தாளிக்க மாட்டார்கள். கடுகும் மிளகாயும் எண்ணெயில் பொரிகிற நெடி அம்மை கண்ட உடம்புக்கு ஆகாது என்பார்கள். யாரும் வந்து கேட்டுக்கொள்ளவில்லை. வேப்பிலையைப் பார்த்ததும் லைனில் எல்லா வீட்டிலும் தாளிப்பு நின்றுவிட்டது. கடைசி வீட்டு ஈஸ்வரமூர்த்தி அண்ணன் அப்பளம் இல்லாமல் ஒரு வாய்கூடச் சாப்பிடாதவர். அவரே அப்பளம் பொரிப்பதை நிறுத்திவிட்டார்.

அம்சவேணியும் நிறுத்தினாள். காயை வேகவைத்து, உப்புப் போட்டு, தேங்காய் தூவி வைத்தாள். அப்பா அதைத் தொடவில்லை. தினமும் அரை வயிற்றோடு எழுந்தார். மறுநாள் ஷிப்டு முடிந்து வரும்போது சட்டையில் போண்டா எண்ணெய் வாசம் அடித்தது. ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டு புரண்டு படுத்தார்.

ஒரு நாள் காலையில் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிந்தார். குனிந்தவரால் சட்டென்று நிமிர முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அம்சவேணி பார்க்கிறாள் என்று தெரிந்ததும், செருப்பு வார் அறுந்துபோயிருக்கிறது என்று ஒரு பொய் சொன்னார்.

அப்புறம் அம்சவேணியால் சும்மா இருக்க முடியவில்லை.

ஒரே ஒரு நாள். ஒரே ஒரு கரண்டி எண்ணெய். அப்பா ஒரு கிண்ணம் காய் முழுசாகச் சாப்பிட்டால் போதும். கதவைச் சாத்திவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

மத்தியானம் அவரைக்காயையும் கேரட்டையும் பொடியாக அரிந்து வேகவைத்தாள். கதவைத் தாழ் போட்டாள். ஒரு சாக்கைத் தண்ணீரில் நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டாள். கதவு ஞாபகம் வந்தது, ஜன்னல் ஞாபகம் வந்தது. தலைக்கு மேலே இருந்த சந்து மட்டும் ஞாபகம் வரவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற சந்து அது. அதனாலேயே கண்ணில் படவில்லை.

எண்ணெய் காய்ந்தது. கடுகு வெடித்தது. உளுந்து சிவந்தது. கிள்ளிப்போட்ட வரமிளகாய் கறுத்து, கறிவேப்பிலை சடசடத்தது. எத்தனையோ நாளாகக் கேட்காத சத்தம். அம்சவேணிக்கே வாயில் எச்சில் ஊறியது. காயைக் கொட்டிக் கிளறினாள்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ரொம்ப மெல்லிய குரல். ஆனால் சந்தோஷமான குரல்.

"அம்சா... அவரைக்காதானே?"

அம்சவேணியின் கை அப்படியே நின்றது. அடுத்த நொடி கோகிலமணி இருமத் தொடங்கினாள். ஒரு இருமல், இரண்டு இருமல் என்று ஆரம்பித்தது நிற்கவே இல்லை. பாத்திரம் உருண்டது. கோகிலமணியின் அம்மா செல்லாத்தாள் அத்தை ஓடி வரும் சத்தம் கேட்டது. குமட்டல் சத்தம் கேட்டது. அப்புறம் கோகிலமணி அழுதாள்.

அம்சவேணி ஸ்டவ்வை அணைத்தாள். வாணலியைத் தட்டால் மூடினாள். மூடி என்ன பிரயோஜனம். வாசம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. செல்லாத்தாள் அத்தை நின்றாள். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போயிருந்ததால் பிள்ளையைத் தனியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்காத கண் சிவந்து கிடந்தது. கையில் துடைத்த துணி இருந்தது.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"இன்னைக்குத்தான் அம்மணி ஒரு டம்ளர் கூழு முழுசாக் குடிச்சா. அம்புட்டும் வெளிய வந்துபோச்சு" என்றாள். பிறகு வாணலியைப் பார்த்தாள். "இந்த லைன்ல யாரு தாளிச்சாலும் நீ தாளிக்க மாட்டீன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள்.

அப்பா அன்றைக்குத் தாமதமாக வந்தார். வாசலில் நுழையும்போதே தாளிப்பு வாசம் பட்டு அவர் முகம் மலர்ந்தது. அம்சவேணியின் முகத்தைப் பார்த்ததும் அந்த மலர்ச்சி அடங்கியது. அவள் தேம்பித் தேம்பி நடந்ததைச் சொன்னாள். அவர் வழியிலேயே போண்டா தின்றுவிட்டு வந்திருந்தார். அவருக்குப் பசியே இல்லை.

யாருக்காகத் தாளித்தாளோ, அவர் அந்தப் பொரியலைச் சாப்பிடவில்லை. அம்சவேணியும் அதைத் தொடவில்லை. வேலை முடிந்து வந்த அம்மா எதுவும் திட்டாமல் ஜன்னல் சாக்கை எடுத்து உதறிப் போட்டாள். கடைசியில் பொரியல் பால்காரர் மாட்டுக்குத்தான் போனது. மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை. மிளகாயை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை நக்கித் தின்றது. வேறு நாளாக இருந்தால் அம்சவேணி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

அன்று பொழுது சாயும் முன்னால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போனார். வேப்பிலைக்கு இந்தப் பக்கமே நின்றார். அம்சவேணி அவர் பின்னால் நின்றாள்.

"ஏனுங்க, புள்ள மேல கோவிச்சுக்காதீங்க" என்றார் அப்பா. "எனக்காகத்தான் செஞ்சுபோட்டா. பொரியல் சப்புன்னு இருக்குதுன்னு தெனம் மூஞ்சியத் திருப்புனது நாந்தானுங்க. தப்பு எம்மேல."

செல்லாத்தாள் அத்தை அப்பாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். நடந்தது நடந்துபோச்சு என்றாள். இருமும்போது பிள்ளை முகத்தைத் தேய்த்துக்கொண்டாள், புருவத்துக்குப் பக்கத்தில் ஒரு கொப்புளம் உடைந்துவிட்டது, ஆஸ்பத்திரி நர்ஸம்மா வந்து மருந்து போட்டிருக்கிறார் என்றாள். அம்சவேணியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரவில்லை. "கோகி" என்று அம்சவேணி மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. தூங்குகிறாளோ என்று நினைத்தாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் கோகி தண்ணீர் கேட்பது காதில் விழுந்தது.

அவள் தூங்கவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான்.

அந்த மத்தியானத்துக்கே திரும்பப் போய் எண்ணெயைக் காய வைக்காமல் விட முடியுமானால் எப்படி இருக்கும் என்று அம்சவேணி படுத்துக்கொண்டே நினைத்தாள். போய் மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் அதைக் கேட்டால் கோகிலமணியின் வயிற்றுக்குள் அந்தக் கூழ் திரும்பிப் போகுமா?

இரண்டு நாள் கழித்துக் குழாயடியில் தண்ணீர் பிடித்துவிட்டு வந்த அம்மா ஒரு சேதி சொன்னாள். கோகிலமணிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம். ஆனால் வெறும் கூழும் இளநீருமாகக் குடித்து வயிறு கட்டிக்கொண்டதாம். வெளிக்கே போக மாட்டேனென்கிறதாம். காரமில்லாமல், குழைவாகக் காய் கொடுக்கச் சொல்லி நர்ஸம்மா சொல்லியிருக்கிறாராம். செல்லாத்தாள் கேரட்டை வேகவைத்துக் கொடுத்தால் அவள் துப்பிவிடுகிறாளாம்.

"அப்பாவாட்டவே" என்றாள் அம்சவேணி.

"அப்பாவாட்டவேதான்" என்றாள் அம்மா.

அம்சவேணி யோசித்தாள். அப்பாவுக்கும் கோகிக்கும் ஒரே தொந்தரவு. இரண்டு பேருக்கும் காய் வேண்டும். இரண்டு பேருக்கும் வெறும் வேகவைத்த காய் பிடிக்காது. தாளிக்கவும் கூடாது. அப்படியானால் தாளிக்காமலே ருசியாக ஒரு பொரியல் வேண்டும்.

மறுநாள் பீன்ஸை வேகவைத்தாள். தண்ணீரை வடித்தபோது கூடவே பச்சை நிறமும் ருசியும் சேர்ந்து சாக்கடைக்குப் போனது. வாயில் போட்டால் நனைந்த காகிதம் மாதிரி இருந்தது. அப்பா ஒரு வார்த்தை சொல்லாமல் முழுக் கிண்ணத்தையும் தின்று முடித்தார். அன்றிலிருந்து அவர் தட்டில் எது விழுந்தாலும் தின்றார். ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். டாக்டர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார் இல்லையா என்று அவரே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டார்.

அடுத்த நாள் வடிக்காமல் இருக்கத் தண்ணீரைக் குறைத்தாள். காய் அடிப்பிடித்தது. அப்பா அதையும் தின்றார்.

அப்புறம் தள்ளுவண்டியில் பீர்க்கங்காய் வந்தது. அம்சவேணி ஒன்றைக் கையில் எடுத்து நகத்தால் லேசாகக் கீறினாள். ஈரம் கசிந்தது. இந்தக் காய்க்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. அப்படியானால் நாம் எதற்கு ஊற்ற வேண்டும்?

அன்றைக்கு அவள் அவசரப்படவில்லை. பாசிப்பருப்பைக் கொஞ்சம் ஊறப்போட்டாள். பீர்க்கங்காயின் நரம்புகளை மட்டும் சீவிவிட்டுப் பொடியாக அரிந்தாள். நிறத்துக்கு ஒரு கேரட்டைத் துருவினாள். எல்லாவற்றையும் வெறும் வாணலியில் போட்டாள். எண்ணெய் இல்லை, தண்ணீரும் இல்லை. தீயைச் சிறிதாக வைத்து, ஒரு குழிவான தட்டால் மூடி, அந்தத் தட்டின் மேலே தண்ணீர் ஊற்றி வைத்தாள். உள்ளே எழும்பிய ஆவி குளிர்ந்த தட்டில் பட்டுத் திரும்பக் காயின் மேலேயே சொட்டியது. காய் அதன் தண்ணீரிலேயே வெந்தது.

தேங்காயையும் சீரகத்தையும் அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டினாள். வரமிளகாயைக் கையில் எடுத்தவள் அதைத் திரும்ப டப்பாவிலேயே போட்டாள். பருப்பு மலர்ந்ததும் உப்புப் போட்டு, தேங்காயைச் சேர்த்து, கறிவேப்பிலையைக் கையால் கசக்கிப் போட்டு, அடிவரைக்கும் நன்றாகப் புரட்டி இறக்கினாள்.

ஷிப்டு முடிந்து வந்த அப்பா முதல் வாயைப் போட்டுவிட்டுத் தண்ணீர்ச் சொம்பை எடுத்தார். குடிக்காமல் கீழே வைத்தார். இன்னொரு வாய் போட்டார். சொம்பு அப்படியே இருந்தது.

"இதுக்குக் கடுகு வேண்டாமாட்ட இருக்குது" என்றார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த வாரம் முழுக்கச் சட்டையில் போண்டா வாசம் இல்லை. வயிற்றில் இருந்த பேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிகிறது என்று அம்மாவிடம் சொன்னார்.

ஆனால் அது பிறகு. அன்றைக்கு அப்பா சாப்பிட்டு முடித்ததும் அம்சவேணி ஒரு சின்னக் கிண்ணத்தில் பொரியலை எடுத்துத் தட்டால் மூடினாள். அவளுக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருந்தது. அதனால் அங்கே போவதற்கு அம்மா பயப்படவில்லை. அம்சவேணிக்குத்தான் பயமாக இருந்தது. கிண்ணத்தோடு வாசல் வரை போனாள், திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள்.

செல்லாத்தாள் அத்தை வெளியே வந்தாள்.

"தாளிக்கலைங்கத்தை" என்றாள் அம்சவேணி. "எண்ணெயே ஊத்தலீங்க. மொளகாயும் போடலீங்க. பீர்க்கங்கா. வயித்துக்கு நல்லதுங்க."

வேறு என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் என்று வீட்டிலிருந்து நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். கிண்ணத்தை மட்டும் நீட்டினாள்.

அத்தை மூடியைத் தூக்கி மோந்து பார்த்தாள். ஒரு கிள்ளு எடுத்துத் தன் வாயில் போட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அம்சவேணி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவினாள். அடுத்த வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இருமலும் இல்லை, துப்புகிற சத்தமும் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் செல்லாத்தாள் அத்தை வாசலில் வந்து நின்றாள். கையில் கிண்ணம் இருந்தது. கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தாள். அதனால் கோகிலமணி சாப்பிட்டாளா, கீழே கொட்டினார்களா என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அம்சவேணி எழுந்து நின்றாள். கேட்க வேண்டும் என்று நினைத்ததை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டாள்.

"அந்தப் புருவத்துப் புண்ணுங்கத்தை?"

"ஆறிட்டு வருது" என்றாள் அத்தை. "தழும்பு நிக்குமாட்ட இருக்குது."

அம்சவேணி தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணில் தண்ணீர் நிரம்பி, அத்தையின் கால்விரல்கள் மங்கலாகத் தெரிந்தன. அந்தத் தழும்பை இனிமேல் தினமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்தில் பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்காரவிட்டால்தான் அதுவும்.

அத்தை கிண்ணத்தை அவள் கையில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

"கோகி ஒண்ணு சொல்லச் சொன்னா கண்ணு. உப்புக் கொஞ்சம் தூக்கலாப் போச்சாம். நாளைக்குக் கொறைச்சுப் போடுவியாமா."

அம்சவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தை போன பிறகு உள்ளே போய், பாசிப்பருப்பு டப்பாவைத் திறந்து, நாளைக்குப் போதுமா என்று பார்த்தாள். போதும்.